எட்டரை மணிக்கு அப்பா கூப்பிடுவார்

ஐப்பசி பிறந்ததிலிருந்து கார்த்திகை முடிகிறவரை, காலை எட்டரை மணிக்கு என் ஃபோனை வீட்டில் யாரும் தொடக் கூடாது. எட்டு முப்பத்தைந்துக்குக் கோலார் தங்கவயலிலிருந்து அப்பா கூப்பிடுவார். சாப்பிட்டாயா, பிள்ளைகள் எப்படி என்பதெல்லாம் அப்புறம்தான். எடுத்ததும் எண், மழை எத்தனை மில்லிமீட்டர் என்று.

"இங்க பதினொண்ணரை. அங்க?"

"மூணுப்பா."

"காத்து?"

"வடகிழக்கு மாதிரி இருக்கு."

"மாதிரின்னு எழுதக் கூடாது பாப்பா. போய்ப் பார்த்துட்டு வா."

மறுபடி மாடியேறி, துணிக் கொடிக் கம்பத்தில் கட்டியிருக்கும் ரிப்பன் எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து சொல்வேன். அவர் அவருடைய நோட்டில் எழுதிக்கொள்வார், நான் என் நோட்டில். 2011 ஐப்பசியில் ஆரம்பித்தது. பெங்களூரில் காக்ஸ் டவுன் பக்கம் எங்கள் மாடியில் ஒரு மழைமானி, தங்கவயலில் அப்பா வீட்டு முற்றத்தில் ஒன்று.

அப்பாவின் நோட்டு என்னுடையதைவிடப் பத்து வருஷம் மூத்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வைண்டிங் டிரைவராக இருந்தவர் அவர். ஷாஃப்டில், அதாவது சுரங்கத்தின் செங்குத்துக் குழியில், ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜை ஓட்டும் வேலை. கேஜ் எத்தனை மணிக்கு இறங்கியது, எப்போது ஏறியது, கயிறு எப்படி இருந்தது, எல்லாம் லாக் புக்கில் ஏற வேண்டும். ஒன்றுமே நடக்காத ஷிஃப்டாக இருந்தாலும் "ஒன்றுமில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வீட்டுக்கு வர முடியும். எட்டு மணி நேரம் பூமிக்கடியில் இருந்துவிட்டு மேலே வருகிறவர்கள் முதலில் கேட்பது, "மழை வந்துச்சா?" என்பதுதானாம். கீழே இருப்பவனுக்கு வானம் என்ன செய்தது என்று எப்படித் தெரியும்? அவர்களுக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் என்று, லாக் புக் ஓரத்தில் மழை வந்த நேரத்தையும் விட்ட நேரத்தையும் பென்சிலால் குறிக்க ஆரம்பித்திருக்கிறார். யாரும் சொல்லிச் செய்ததல்ல.

2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். மறுநாள் காலையில் எழுதுவதற்கு லாக் புக் இல்லை. சில நாள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஒருநாள் ராபர்ட்சன்பேட்டைக்குப் போய் நீளமான கணக்கு நோட்டு ஒன்று வாங்கி வந்து, தேதி, மழை, காற்று, மேகம், குறிப்பு என்று ஐந்து கோடு போட்டார். அந்த முதல் பக்கத்தில் இருபத்தைந்து நாளுக்குமேல் வரிசையாக 0. கோடை ஆரம்பிக்கிற நேரம், மழை எங்கே வரும்? ஆனாலும் ஒரு நாளைக்கூட வெறுமையாக விடவில்லை. வெறும் கட்டம் என்றால் பார்க்கவில்லை என்று அர்த்தம், சைபர் என்றால் பார்த்தேன், மழை இல்லை என்று அர்த்தம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் நோட்டே பொய் என்பார்.

மழைமானி என்றதும் பெரிய கருவி என்று நினைக்க வேண்டாம். பாத்திரக் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் புனல்தான். வாய் 16 செ.மீ. அகலம். அப்படியென்றால் வாயின் பரப்பு ஏறத்தாழ 200 சதுர செ.மீ. அதன் கீழே உள்ள கேனில் 20 மில்லி தண்ணீர் சேர்ந்தால் 1 மி.மீ. மழை. அளப்பதற்கு மருந்துக் கடையில் வாங்கிய 20 மில்லி சிரிஞ்ச், ஊசி இல்லாமல். ஒரு சிரிஞ்ச் உறிஞ்சினால் ஒரு மில்லிமீட்டர், அரை சிரிஞ்ச் என்றால் அரை. தூறல் நாட்களில் கேனின் அடியில் சேர்ந்திருப்பதை உறிஞ்சி எடுக்கும்போது சிரிஞ்சுக்குள் இரண்டு கோடு உயரம்தான் ஏறும். பத்தில் ஒரு மில்லிமீட்டர். இரவு முழுக்கத் தகரத்தில் டப் டப்பென்று கேட்டதெல்லாம் இவ்வளவுதானா என்று இருக்கும். பெருமழை நாளில் சிரிஞ்ச் சரிப்படாது, அதற்கு லிட்டர் ஜாடி.

மாடியில் வைப்பது முறையல்ல. வானிலைத் துறையின் மழைமானிக்கு வாய் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும், சுற்றிலும் திறந்த இடம் வேண்டும். மாடியில் காற்று வேகம், சாய்ந்து வரும் துளிகளில் கொஞ்சம் புனலைத் தாண்டிப் போய்விடும். எங்கள் தெருவில் தரை என்பதே கிடையாது, வண்டி நிறுத்தத்தான் இடம். அதனால் என் எண்கள் எப்போதும் கொஞ்சம் குறைச்சலாகவே இருக்கும் என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன். 2018-ல் பக்கத்து மனையில் மூன்று மாடி எழும்பி, கிழக்கிலிருந்து வரும் சாரலை மறைத்துவிட்டது. இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்கே உறைத்தது. அப்பாவிடம் சொன்னபோது அவர் கோபப்பட்டது கட்டிடத்துக்காக இல்லை, நான் உடனே குறிக்காததற்காக. மானியை மேற்கு மூலைக்கு மாற்றி, நோட்டில் சிவப்புக் கோடு போட்டு, "இதற்கு மேல் வேறு இடம்" என்று எழுதச் சொன்னார். அந்த இரண்டு மாத எண்களுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி இருக்கிறது. இன்னும் அழிக்கவில்லை.

எட்டரை மணிக்கும் காரணம் உண்டு. இந்த நாட்டில் எந்த ஊர் மழைமானியானாலும் ஒரு நாளின் மழை என்பது முந்தின நாள் காலை 8.30-லிருந்து இன்று காலை 8.30 வரை. அதை இன்றைய தேதியில்தான் எழுத வேண்டும். செவ்வாய் மாலை கொட்டியது புதன்கிழமைக் கணக்கு. முதல் வருஷம் இது தெரியாமல், மழை பார்த்த நாளிலேயே எழுதிக்கொண்டு வந்தேன். நவம்பர் கடைசியில் இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தங்கவயலில் பெய்வதற்கு ஒருநாள் முன்பே பெங்களூரில் பெய்துவிட்டது போல இருந்தது. அப்பா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து நாற்பது நாள் வரிகளையும் ஒவ்வொன்றாக மாற்றி எழுத வைத்தார்.

அப்படி ஒழுங்கு செய்து பார்த்தபோதுதான் எனக்கு அந்த விஷயம் கண்ணில் பட்டது. சென்னை, தங்கவயல், பெங்களூர் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் இருக்கின்றன, 13 டிகிரி அட்சரேகையை ஒட்டி. சென்னையிலிருந்து பெங்களூருக்கு நேர்கோட்டில் 290 கிலோமீட்டர் அளவு. அந்தக் கோட்டிலேயே எங்களுக்குக் கிழக்கே எழுபது கிலோமீட்டரில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். அது ஊன்றிவிட்டால் மேகம் வங்காள விரிகுடாவிலிருந்து கரையேறி, வேலூர் தாண்டி, மேட்டு நிலத்தில் ஏறி, மேற்கே நகர்கிறது. அப்பா முற்றத்தில் விழுந்த மழை, காற்று மணிக்கு முப்பது கிலோமீட்டரில் தள்ளினால், இரண்டரை மணி நேரத்தில் எங்கள் மாடிக்கு வரவேண்டும். எல்லா நாளும் வராது. வழியிலேயே தீர்ந்துவிடுவதும் உண்டு. வருகிற நாட்களில் கடிகாரம் பார்த்து வரும்.

தங்கவயல் பக்கத்து மாரிக்குப்பத்திலிருந்து காலையில் பெங்களூருக்கு வரும் ரயிலும் ஒரு கருவிதான். நானும் கல்யாணத்துக்கு முன்பு ஆறு வருஷம் அதில் வேலைக்கு வந்தவள். நம்ம ஊர் ஜனம் கண்டோன்மென்ட்டில் இறங்கும்போது குடை ஈரமா, செருப்பில் சிவப்புச் சேறா என்று பார்த்தாலே கிழக்கே என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். அப்பாவுக்கு வேறொரு அடையாளம் இருக்கிறது, சயனைடு மேடு. தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண், குன்று குன்றாக ஊருக்குள்ளேயே நிற்கிறது. காய்ந்த காற்று அடித்தால் அதிலிருந்து வெளிர்த் தூசி எழும்பி எல்லார் வீட்டு அடுப்பங்கரையிலும் படியும். காற்றில் ஈரம் ஏறி, தூறலும் விழுந்துவிட்டால் மேடு கறுத்து, அசையாமல் கிடக்கும். காலையில் வாசலில் நின்று அப்பா முதலில் பார்ப்பது வானத்தை அல்ல, மேட்டின் நிறத்தை. குறிப்புக் கட்டத்தில் "மேடு கறுப்பு" என்று எழுதிய நாட்களில் பெரும்பாலும் மழை இருக்கிறது. அந்தத் தூசி எத்தனை பேருடைய நெஞ்சைக் கெடுத்திருக்கிறது என்பது வேறு கதை. மழைக்காலம் வந்தால் தங்கவயல்காரர்கள் மூச்சு விடுவது நிஜமாகவே சுலபமாகும்.

கிழக்கே பார்த்துச் சொல்லும் இந்தக் கணக்கு எப்போது பலிக்காது என்பதும் நோட்டில்தான் தெரிந்தது. அக்டோபர் முதல் பாதியில் பெங்களூரில் மாலையில் இடி இடித்துக் கொட்டுகிறதே, அது கிழக்கிலிருந்து நடந்து வரும் மழை இல்லை. பகல் வெயிலில் இங்கேயே கிளம்பி இங்கேயே கொட்டித் தீர்ப்பது. அல்சூரில் முழங்கால் தண்ணீர் நிற்கும், எங்கள் மாடியில் புனல் காய்ந்திருக்கும். அந்த நாட்களில் அப்பாவின் எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வானிலைத் துறை மாவட்டத்துக்கு மஞ்சள் எச்சரிக்கை கொடுத்தால் அது மாவட்டம் முழுமைக்குமான பேச்சு. எங்கள் தெருவுக்கு ஏன் பெய்யவில்லை என்று கோபித்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அடுத்த மூன்று மணி நேரத்துக்கென்று அவர்கள் தனியாக ஒரு முன்னறிவிப்பு கொடுக்கிறார்கள். பள்ளி விடுகிற நேரத்துக்கு அதைப் பார்த்தால் போதும்.

இன்னொன்று, புயல் கரைக்குப் பக்கத்தில் நிற்கும் நாட்கள். சென்னையில் கொட்டும், நமக்கும் கொட்டும் என்று எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். இங்கே வருவது பெரும்பாலும் சில்லென்ற காற்றும் பொடித் தூறலும்தான். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தபோது அப்படித்தான். பகலிலும் ஸ்வெட்டர், வெயிலே இல்லை, சிரிஞ்சில் எடுக்க அதிகம் ஒன்றுமில்லை.

ஃபெஞ்சல் புயல் மட்டும் வேறு மாதிரி. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரையேறி, நகராமல் நின்று, பிறகு வலுவிழந்தபடி உள்நாட்டுக்குள் வந்தது. டிசம்பர் 2 காலை அப்பாவின் எண் வந்தது, என் எண்ணும் போனது. இரண்டு ஊரிலும் விடாத தூறல், எலும்புக்குள் ஏறும் குளிர், வேறு விசேஷமில்லை. அன்று காலை எட்டரையோடு முடிந்த கணக்கில் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. எங்கள் சின்ன அத்தை அங்கேதான் இருக்கிறார். தங்கவயலிலிருந்து நேர்கோட்டில் எண்பது கிலோமீட்டர் அளவில் இருக்கும் ஊர், பெங்களூருக்கு எங்கள் அப்பா எவ்வளவு தூரமோ கிட்டத்தட்ட அவ்வளவு. அத்தை வீட்டுக்கு ஃபோன் போகவே இல்லை. மதியம் இரண்டு மணிக்குத்தான் கிடைத்தது, எல்லாரும் மாடியில் இருந்தார்கள். அப்பா அன்றைய குறிப்பில் எழுதியது, "ஊத்தங்கரை 50 செ.மீ. நம்முடைய மானி நம்முடைய முற்றத்துக்கு மட்டும்." அதற்கப்புறம் தெற்கே கிருஷ்ணகிரிப் பக்கமும் தினம் ஒருவரைக் கேட்டுக்கொள்கிறார்.

மாடி வீட்டு அஜ்ஜி (பாட்டி) கன்னடக்காரர், ராம்நகர் பக்கம் நிலம் வைத்திருந்தவர். அவருக்கு மில்லிமீட்டர் பேச்சு பிடிக்காது. அவருக்கு மழை என்றால் நட்சத்திரம். சூரியன் சுவாதியில் இருக்கும்போது பெய்தால் சுவாதி மழை, அது அக்டோபர் 24 வாக்கில் ஆரம்பித்து நவம்பர் 6 வாக்கில் முடியும், அப்புறம் விசாக மழை. "சுவாதி எவ்வளவு கொடுத்தாள்?" என்று கேட்பார். அவருக்காக நோட்டில் அந்தத் தேதிகளுக்குப் பக்கத்தில் சின்னப் புள்ளி வைத்து, கூட்டிச் சொல்கிறேன். பசவனகுடியில் நடக்கும் கடலைக்காய்ப் பரிஷை, அதாவது நிலக்கடலைத் திருவிழா, வரும்வரை மழை விடாது என்பது அவர் கணக்கு. கன்னடக் கார்த்திகையின் கடைசித் திங்கட்கிழமை பரிஷைக்குப் போகும்போது குடை எடுத்துக்கொள்ளாமல் அவர் கிளம்பியதே இல்லை.

அப்பாவின் பழமொழி வேறு. "கார்த்திகைக்குப் பின் மழையில்லை, கர்ணனுக்குப் பின் கொடையில்லை." மாண்டஸ், ஃபெஞ்சல் எல்லாம் கார்த்திகைக்குள்ளேயே வந்தவை என்பதில் அவருக்குத் திருப்தி. 2023-ல் மார்கழி பிறந்த அன்று ஆரம்பித்துத் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் கொட்டி, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. ஆனது. அதைக் கேட்டுவிட்டு, பழமொழியை எழுதி வைத்திருந்த பக்கத்தைத் தேடி எடுத்து, அடியில் "தெற்கே பொருந்தாது" என்று சேர்த்தார். பொய்த்துவிட்டது என்று அடிக்கவில்லை. எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று எழுதினார். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

தம்பி ஒருமுறை ஊருக்கு வந்தபோது, "நாம சின்ன வயசுல ஐப்பசின்னா பத்து நாள் விடாம பெய்யும், இப்ப எங்க பெய்யுது?" என்றான். எல்லார் வீட்டிலும் நடக்கிற பேச்சுதான். அப்பா 2005 நோட்டை எடுத்துக் கொடுத்தார். நல்ல மழை வருஷம் என்று தம்பியே சொல்கிற வருஷம். அந்த ஐப்பசியிலும் நடுவில் நாலைந்து 0 வரிசையாக இருந்தது. மழை நாள் மனதில் நிற்கிறது, சும்மா இருந்த நாளை யார் நினைவு வைத்துக்கொள்கிறார்கள்? இதற்கு மறுபக்கமும் உண்டு. 2022-ல் இவ்வளவு மழையைப் பார்த்ததே இல்லை என்று நான் சொன்னபோது அப்பா நம்பவில்லை. பெங்களூரின் அந்த வருஷ மொத்த மழை அக்டோபரிலேயே 2017-ன் 1,696 மி.மீ.யைத் தாண்டிவிட்டது, பதிவிலேயே அதுதான் அதிகம் என்று செய்தி வந்ததும், "சரி, உன் ஞாபகம் இந்த முறை சரி" என்றார்.

பழைய பதிவுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்கு நேரம் போவது தெரியாது. 2024 ஜூன் 2-ல் பெங்களூரில் ஒரே நாளில் 111.1 மி.மீ. பெய்து, ஜூன் மாதத்துக்கான 1891-ன் பதிவை முறியடித்தது. பழைய எண் 101.6 மி.மீ., ஜூன் 16. பேப்பரில் அதைப் படித்ததும் கூப்பிட்டு, "101.6-ஐ 25.4-ஆல வகுத்துப் பாரு" என்றார். வகுத்தேன். மிகச் சரியாக 4. அன்றைக்கு அளந்தவர் எழுதியிருக்கக்கூடியது நாலு அங்குலம், பின்னால் யாரோ மில்லிமீட்டராக மாற்றியிருக்கிறார்கள். பெங்களூரில் ஒருவர் கொட்டித் தீர்த்த மறுநாள் காலையில் எழுந்து போய், கண்ணாடிக் குடுவையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, 4 என்று எழுதியிருக்கிறார். அவர் பெயர் நமக்குத் தெரியாது, அவர் படித்த அளவு 133 வருஷம் அசையாமல் நின்றது. அப்பா அதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது.

அப்போதுதான் இன்னொன்றும் சொன்னார். பெங்களூரில் நவம்பர் மாதத்தின் மிகக் குறைந்த வெப்பம் 9.6 டிகிரி, 1967 நவம்பர் 15. அந்த வருஷம் அப்பாவுக்கு இருபது வயது, சுரங்கத்தில் சேர்ந்த புதிது. "குளிரா இருந்துச்சு. ராத்திரி ஷிஃப்டுக்குப் போறப்ப கோணியைப் போர்த்திக்கிட்டுப் போனேன். எந்த ராத்திரின்னு தெரியலையே பாப்பா. எழுதி வைக்கலையே." இதை அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை சொல்லிவிட்டார்.

இந்த ஐப்பசியில் அவருக்குக் கண்புரை ஆபரேஷன். ஒரு வாரம் குனியக் கூடாது, முகத்தில் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எதிர் வீட்டுப் பையன், எட்டாவது படிக்கிறவன், ஏழு நாளும் வந்து சிரிஞ்சில் அளந்து எழுதினான். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, "கண்ணு மட்டத்துக்குப் பிடி, சாய்க்காத" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். கட்டுப் பிரித்த மறுநாள் நான் ஊருக்குப் போனபோது நோட்டைப் பார்த்தேன். பையனின் உருண்டை எழுத்தில் ஏழு வரி, அதில் மூன்று 0. ஏழுக்கும் சேர்த்து ஓரத்தில் ஒரு வளைவுக் கோடு போட்டு, அப்பா எழுதியிருந்தார்: "வேறு கை. சரியாக இருக்கிறது."

இன்று காலை எட்டு முப்பத்தைந்துக்குக் கூப்பிட்டார்.

"இங்க ஆறு. இன்னும் விடலை. மேடு கறுப்பு. காத்து கிழக்கு. அங்க?"

"சைபர்ப்பா. வெயில் அடிக்குது."

"துணி போட்டிருக்கியா?"

"இப்பதான் போட்டேன்."

"பத்தரைக்குள்ள எடுத்துடு."

பத்து மணிக்கு எடுத்து மடித்து வைத்தேன். பத்தே முக்காலுக்கு கே.ஆர். புரம் பக்கம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பதினொன்று பத்துக்குப் புனலில் முதல் துளி. நேரத்தை எழுதிவிட்டேன். அளவு நாளைக் காலைக் கணக்கில் வரும்.